எந்தக் கோடு நகர்கிறது? மொத்தத் தேவை – மொத்த அளிப்புப் படத்தை வாசிக்கும் முறை

பள்ளி மேல்வகுப்பில் பேரியல் பொருளாதாரம் படிப்பவர்களுக்கு, குறிப்பாகப் பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடத்தைச் சோதிக்கும் அமெரிக்காவின் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு, கணக்கு பெரிய தடையாக இருப்பதில்லை. பெருக்கலும் வகுத்தலும் சதவீதமும் தெரிந்தால் போதும். ஆனாலும் மதிப்பெண் போகும். வரி குறைகிறது, எண்ணெய் விலை ஏறுகிறது என்று ஒரு நிகழ்வைச் சொல்லி, படத்தில் எந்தக் கோடு எந்தப் பக்கம் நகரும் என்று கேட்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

அந்தப் படம் மொத்தத் தேவை – மொத்த அளிப்புப் படம். நாட்டில் எல்லோரும் சேர்ந்து வாங்க விரும்பும் அளவையும், நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து விற்க விரும்பும் அளவையும் ஒன்றாகக் காட்டுவது. பணச் சந்தை, கடன் நிதிச் சந்தை, பிலிப்ஸ் வளைகோடு எனப் பாடத்தில் வரும் மற்ற படங்கள் எல்லாம் கடைசியில் இதில்தான் வந்து சேரும். இதை நிதானமாகப் புரிந்துகொண்டவருக்குப் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

அச்சுகளில் என்ன இருக்கிறது

கிடை அச்சில் உண்மை ஜிடிபி, அதாவது விலையேற்றத்தை நீக்கிக் கணக்கிட்ட மொத்த உள்நாட்டு உற்பத்தி. செங்குத்து அச்சில் விலைமட்டம், அதாவது எல்லாப் பொருள்களின் பொதுவான விலை அளவு. இந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் கோடு வரையத் தொடங்குவதுதான் முதல் பிழை.

ஒரு நாடு ஒரே ஒரு பொருளைத்தான் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் 100 அலகு, அலகு ஒன்று 10 டாலர். மொத்தம் 1,000 டாலர். அடுத்த ஆண்டு 105 அலகு, விலை 12 டாலர். மொத்தம் 1,260 டாலர். பண மதிப்பில் பார்த்தால் ஜிடிபி 26 சதவீதம் வளர்ந்திருக்கிறது. முதல் ஆண்டின் விலையிலேயே கணக்கிட்டால் 1,050 டாலர். அதாவது உண்மை வளர்ச்சி 5 சதவீதம்தான். 1,260-ஐ 1,050-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 120 வரும். இதுதான் ஜிடிபி விலைக்குறைப்பான். நம் படத்தின் செங்குத்து அச்சில் இருப்பது இந்த மாதிரியான எண். கிடை அச்சில் இருப்பது அந்த 1,050.

நுண்ணியல் பொருளாதாரப் பாடத்தில் வரும் ஒற்றைப் பொருளின் தேவைக் கோடும் இப்படித்தான் இடமிருந்து வலமாகச் சரியும். தோற்றம் ஒன்று, காரணம் வேறு. ஒரு பொருளின் விலை மட்டும் ஏறினால் மக்கள் அதற்குப் பதிலாக இன்னொன்றை வாங்குவார்கள். எல்லாப் பொருள்களின் விலையும் சேர்ந்து ஏறினால் எதற்கு மாறுவது? அதனால் அந்த விளக்கம் இங்கே செல்லாது. மொத்தத் தேவைக் கோடு சரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. விலைமட்டம் ஏறினால் கையிலும் வங்கியிலும் உள்ள பணத்தின் வாங்கும் சக்தி குறைகிறது, நுகர்வு சுருங்குகிறது. இரண்டாவது, அதே பொருளை வாங்க அதிகப் பணம் வேண்டியிருப்பதால் பணத்துக்கான தேவை கூடி வட்டி ஏறுகிறது. தொழில் முதலீடு குறைகிறது. மூன்றாவது, உள்நாட்டுப் பொருள் வெளிநாட்டாருக்கு விலை கூடியதாகி ஏற்றுமதி குறைகிறது, இறக்குமதி கூடுகிறது.

இந்த மூன்றும் கோட்டின் மேலேயே நடக்கும் நகர்வை விளக்குகின்றன. கோடு முழுவதும் இடம்பெயர்வதற்கு விலைமட்டத்துக்கு வெளியே ஒரு காரணம் வேண்டும். எந்த நிகழ்வைக் கொடுத்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்: மாற்றம் விலைமட்டத்தில் தொடங்கியதா, வேறு எங்காவது தொடங்கியதா? விலைமட்டத்தில் தொடங்கியிருந்தால் எந்தக் கோட்டையும் தொடாதீர்கள்.

வேறு எங்காவது தொடங்கியிருந்தால் அடுத்த கேள்வி: அது முதலில் யாரைத் தொடுகிறது, செலவு செய்கிறவரையா, உற்பத்தி செய்கிறவரையா? குடும்பங்கள், முதலீடு செய்யும் நிறுவனங்கள், அரசு, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆகியோரின் செலவைத் தொட்டால் மொத்தத் தேவை நகரும். உற்பத்திச் செலவைத் தொட்டால் அளிப்பு நகரும். வருமான வரி குறைந்தால் குடும்பங்களின் கையில் பணம்; தேவை வலப்பக்கம். வாணிகக் கூட்டாளி நாடு மந்தத்தில் விழுந்தால் ஏற்றுமதி குறையும், தேவை இடப்பக்கம். எண்ணெய் விலை ஏறினால் ஏறத்தாழ எல்லாத் தொழிலின் செலவும் ஏறும். குறுகிய கால அளிப்பு இடப்பக்கம். நிறுவனங்கள் புதிய இயந்திரம் வாங்கினால் இன்றைக்கு அது முதலீட்டுச் செலவு, தேவை வலப்பக்கம். அந்த இயந்திரங்கள் ஓடத் தொடங்கிய பிறகு நாட்டின் உற்பத்தித் திறனே கூடும், நீண்ட கால அளிப்பும் வலப்பக்கம். கேள்வியில் 'குறுகிய காலத்தில்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கோடு மேலே போகிறது, கீழே போகிறது என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அளிப்பு குறையும்போது கோடு இடப்பக்கம் நகரும். ஆனால் கண்ணுக்கு அது மேலே ஏறுவதுபோல் தெரியும். 'குறைந்தது என்றால் கீழே' என்று நினைத்து எதிர்த் திசையில் வரைந்துவிடுவது மிக எளிதாக நடக்கும் பிழை. எப்போதும் இடம், வலம் என்றே யோசியுங்கள்.

அளிப்புக்கு ஏன் இரண்டு கோடுகள்

குறுகிய கால அளிப்புக் கோடு வலப்பக்கம் ஏறும். நீண்ட கால அளிப்புக் கோடு நேர்செங்குத்தாக நிற்கும். இந்த வேறுபாடு முழுவதும் கூலியில் இருக்கிறது.

ஒரு தொழிற்சாலையில் தொழிலாளிக்கு மணிக்கு 20 டாலர் கூலி. மணிக்கு 10 பெட்டி செய்கிறார். பெட்டிக்குக் கூலிச் செலவு 2 டாலர். பெட்டி 3 டாலருக்கு விற்கிறது. வேறு செலவு இல்லை என்று வைத்தால் மிச்சம் 1 டாலர். நாட்டில் எல்லா விலைகளும் 10 சதவீதம் ஏறுகின்றன. பெட்டி இப்போது 3.30 டாலர். கூலி ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, கூலி அதே 20. மிச்சம் 1.30 டாலராகிறது. முதலாளிக்கு அதிகம் செய்வது லாபம். கூடுதல் நேரம் வேலை கொடுக்கிறார், ஆள் சேர்க்கிறார். விலைமட்டம் ஏறும்போது உற்பத்தி ஏறுவது இப்படித்தான்.

ஒப்பந்தம் முடிகிறது. தன் கூலியில் முன்பு வாங்கிய அளவு இப்போது வாங்க முடியவில்லை என்பது தொழிலாளிக்குத் தெரியும். கூலி 22 ஆகிறது. பெட்டிக்குக் கூலிச் செலவு 2.20, மிச்சம் 1.10. எல்லா விலையும் 10 சதவீதம் ஏறிய உலகில் 1.10 டாலர் என்பது பழைய 1 டாலர்தான். கூடுதலாகச் செய்யக் காரணம் இல்லை. உற்பத்தி பழைய இடத்துக்குத் திரும்புகிறது. கூலியும் மற்ற செலவுகளும் முழுவதும் சரிக்கட்டிக்கொண்ட பிறகு விலைமட்டம் எங்கிருந்தாலும் உற்பத்தி மாறாது. செங்குத்துக் கோட்டின் பொருள் அதுதான்.

அந்தக் கோடு நிற்கும் இடத்துக்கு முழு வேலைவாய்ப்பு உற்பத்தி என்று பெயர். பெயரைப் பார்த்து வேலையின்மை பூஜ்யம் என்று எண்ணிவிடக் கூடாது. வேலை மாறுகிறவர்களும், தங்கள் திறனுக்கு இனி வேலை இல்லாமல் போனவர்களும் எப்போதும் இருப்பார்கள். உராய்வு வேலையின்மை, கட்டமைப்பு வேலையின்மை என்ற இந்த இரண்டும் சேர்ந்ததே இயல்பு வேலையின்மை. முழு வேலைவாய்ப்பில் பூஜ்யமாவது சுழற்சி வேலையின்மை மட்டுமே.

வேலையின்மை வீதத்தின் கணக்கும் ஒரு பொறியை வைத்திருக்கிறது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் பொதுவாக 16 வயதோ அதற்கு மேலோ ஆகி, வேலை இல்லாமல், கடந்த நான்கு வாரத்தில் தீவிரமாக வேலை தேடியவரே வேலையற்றவர். வயது வந்தோர் 200 மில்லியன், வேலையில் 114 மில்லியன், தேடுகிறவர்கள் 6 மில்லியன் என்றால் உழைப்புப் படை 120 மில்லியன்; வேலையின்மை 5 சதவீதம். தேடுகிறவர்களில் 2 மில்லியன் பேர் மனம் சோர்ந்து தேடுவதை நிறுத்துகிறார்கள். இப்போது 118-இல் 4. வீதம் சுமார் 3.4 சதவீதம். ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை, எண் மட்டும் அழகாகிவிட்டது. பங்கேற்பு வீதம் 60-இலிருந்து 59 சதவீதமாகக் குறைந்ததைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இடைவெளியும் பெருக்கியும்

முழு வேலைவாய்ப்பு உற்பத்தி 1,000 பில்லியன் டாலர், தற்போதைய உற்பத்தி 920 என்று வைத்துக்கொள்வோம். தேவையும் குறுகிய கால அளிப்பும் வெட்டும் புள்ளி செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கிறது. இது மந்த இடைவெளி, அளவு 80. அரசு எவ்வளவு கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்?

80 என்று எழுதினால் தவறு. ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம். கூடுதலாக வரும் ஒவ்வொரு டாலரிலும் மக்கள் 80 காசை, அதாவது 80 சென்டைச் செலவழித்து 20 சென்டைச் சேமிக்கிறார்கள் என்றால் இறுதிநிலை நுகர்வு நாட்டம் 0.8. அரசு 16 பில்லியன் செலவழித்தால் அது யாரோ ஒருவர் கைக்கு வருமானமாக வருகிறது, அதில் 12.8 செலவாகிறது, அதிலிருந்து 10.24, பிறகு 8.192. இந்தத் தொடரைக் கூட்டிக்கொண்டே போனால் 80-இல் நிற்கும். சுருக்கமாக, 1-ஐ 0.2-ஆல் வகுத்தால் பெருக்கி 5. 80-ஐ 5-ஆல் வகுத்தால் 16.

அதே வேலையை வரிக் குறைப்பால் செய்ய 20 பில்லியன் வேண்டும். காரணம் முதல் படியிலேயே இருக்கிறது. அரசு பாலம் கட்ட 20 கொடுத்தால் முழு 20-ம் செலவு. வரியில் 20 விட்டுக்கொடுத்தால் மக்கள் 4-ஐச் சேமித்துவிட்டு 16-ஐத்தான் செலவழிப்பார்கள். அந்த 16 ஐந்து மடங்காகி 80. ஆகவே வரிப் பெருக்கி 4, எதிர்க்குறியோடு. ஓய்வூதியம், வேலையிழப்பு உதவி போன்ற மாற்றுக் கொடுப்பனவுகளுக்கும் இதே 4 என்ற அளவுதான் பொருந்தும், ஏனென்றால் அவையும் முதலில் குடும்பத்தின் பையில் போய், சேமிப்புக் கழிந்தே செலவுக்கு வருகின்றன. அரசு தருவதால் 5-ஆல் பெருக்கிவிடுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த 16 என்ற எண் விலைமட்டம் மாறாது என்ற அனுமானத்தில் நிற்கிறது. உண்மையில் அளிப்புக் கோடு ஏறுகோடு. தேவை வலப்பக்கம் 80 நகர்ந்தால் அதில் ஒரு பகுதி விலை உயர்வாகக் கரைந்து, உற்பத்தி 80-க்குக் குறைவாகவே கூடும். அதனால்தான் வினாவில் 'குறைந்தபட்சம் எவ்வளவு' என்று கேட்கிறார்கள்.

அரசு ஒன்றும் செய்யாவிட்டால்? இந்த இடத்தில் பலரும் தேவைக் கோட்டைத் தானாகத் திரும்பி வரச் செய்துவிடுகிறார்கள். அது வராது. வேலையின்மை அதிகமாக இருக்கும்போது நாளடைவில் கூலி இறங்குகிறது. உற்பத்திச் செலவு குறைகிறது. குறுகிய கால அளிப்பு வலப்பக்கம் நகர்ந்து உற்பத்தி 1,000-க்கு வந்து சேர்கிறது, முன்பைவிடக் குறைந்த விலைமட்டத்தில். பணவீக்க இடைவெளி, அதாவது உற்பத்தி முழு வேலைவாய்ப்பு அளவைத் தாண்டியிருப்பது, என்றால் இதே கதை தலைகீழாக: கூலி ஏறும், அளிப்பு இடப்பக்கம் வரும். தானாகச் சரியாவதில் நகர்வது எப்போதும் குறுகிய கால அளிப்புக் கோடு. எவ்வளவு காலம் ஆகும் என்பதில்தான் சண்டை. 1933-இல் அமெரிக்காவில் உழைப்புப் படையில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. கூலி லேசில் இறங்காது, காத்திருப்பது பெரும் துன்பம் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் வாதிட்டது அந்தக் காலத்தில்தான்.

அளிப்பு இடறும்போது

தேவை குறைந்தால் விலையும் உற்பத்தியும் சேர்ந்து இறங்கும், மருந்து தெளிவு. அளிப்பு இடப்பக்கம் போனால் உற்பத்தி இறங்கும், விலை ஏறும். இதுதான் தேக்கவீக்கம். 1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் தடை விதித்த பிறகு பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவில் பணவீக்கம் 1974-இல் சுமார் 11 சதவீதம். வேலையின்மை 1975 மே மாதத்தில் 9 சதவீதம். தேவையைக் கூட்டினால் பணவீக்கம் இன்னும் ஏறும், குறைத்தால் வேலையின்மை ஏறும். ஒரு கொள்கைக் கருவியால் இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய முடியாது என்பதைப் படத்தில் வரைந்து பார்த்தால் உடனே விளங்கும்.

பிலிப்ஸ் வளைகோடு இங்கேதான் வருகிறது. பொருளியலாளர் ஏ. டபிள்யூ. பிலிப்ஸ் 1958-இல் பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான தரவுகளை வைத்து, வேலையின்மை குறைவாக இருந்த ஆண்டுகளில் கூலி வேகமாக ஏறியதைக் காட்டினார். அதைப் பணவீக்கத்துக்கும் வேலையின்மைக்கும் இடையிலான உறவாக இப்போது வரைகிறோம். மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே இணைப்புதான்: மொத்தத் தேவை நகர்ந்தால் பிலிப்ஸ் கோட்டின் மேலேயே புள்ளி நகரும், குறுகிய கால அளிப்பு இடப்பக்கம் நகர்ந்தால் பிலிப்ஸ் கோடே வலப்பக்கம் நகரும். திசை எதிரெதிர். மக்கள் எதிர்பார்க்கும் பணவீக்கம் ஏறினாலும் அது வலப்பக்கம் போகும். பொருளியலாளர்கள் மில்ட்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் 1960-களின் இறுதியில் சொன்னது இதைத்தான். அடுத்த பத்தாண்டு அதை மெய்ப்பித்தது. எதிர்பார்ப்பை உடைப்பதற்குக் கொடுத்த விலையையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் பணவீக்கம் 1980-இல் சராசரி 13.5 சதவீதம். பால் வோல்க்கர் தலைமையில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் குறுகிய கால வட்டியை 20 சதவீதம் அளவுக்கு ஏறவிட்டது. 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது; 1983-இல் பணவீக்கம் 3 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

வட்டி வழியாக வரும் பாதை

மத்திய வங்கி தேவைக் கோட்டை நேரடியாகத் தொடுவதில்லை. வட்டி குறைகிறது, கடன் மலிவாகிறது, முதலீடும் வட்டியைச் சார்ந்த நுகர்வும் கூடுகின்றன, தேவை வலப்பக்கம் நகர்கிறது. விடையில் இந்த நடுக்கண்ணிகள் எல்லாம் இருக்க வேண்டும். 'வட்டி குறைந்தது, ஆகவே ஜிடிபி கூடியது' என்று தாண்டிக் குதித்தால் விளக்கத்துக்கான மதிப்பெண் கிடைக்காது.

பழைய பாடநூலை வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கிகள் வைப்புத்தொகையில் கடன் கொடுக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டிய கட்டாய இருப்பு 10 சதவீதம், ஆகவே பணப் பெருக்கி (ஒரு டாலர் இருப்பிலிருந்து எத்தனை டாலர் பணம் உருவாகும் என்ற எண்) 10 என்ற கணக்கு, இருப்பு தட்டுப்பாடாக உள்ள வங்கி அமைப்புக்கு உரியது. ஃபெடரல் ரிசர்வ் 2008 அக்டோபர் முதல் வங்கிகளின் இருப்புக்கு வட்டி தருகிறது. 2020 மார்ச்சில் கட்டாய இருப்பு விகிதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டது. இருப்பு தாராளமாகக் கிடக்கும் இந்த அமைப்பில் அந்த வட்டியை ஏற்றி இறக்குவதே முதன்மைக் கருவி. பாடத்திட்டத்தில் இரண்டு அமைப்புகளும் உள்ளன. வினா எதைச் சொல்கிறது என்று வாசித்த பிறகே படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தாளில் எப்படி எழுதுவது

ஏபி தேர்வில் 70 நிமிடத்தில் விடையைத் தேர்ந்தெடுக்கும் 60 பல்தேர்வு வினாக்கள், பிறகு 60 நிமிடத்தில் ஒரு நீண்ட வினாவும் இரண்டு குறு வினாக்களும். அந்த 60-இல் 10 நிமிடம் வாசிப்புக்கு. படத்தில் பெயர் எழுதாத அச்சு, பெயரில்லாத கோடு, அம்புக்குறி இல்லாத நகர்வு ஆகியவை சரியான சிந்தனையையும் மதிப்பெண் இல்லாமல் ஆக்கிவிடும். பணச் சந்தையின் செங்குத்து அச்சில் பெயரளவு வட்டி, கடன் நிதிச் சந்தையில் உண்மை வட்டி, அதாவது பெயரளவு வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தது. இரண்டிலும் வெறுமனே 'வட்டி' என்று எழுதாதீர்கள்.

ஒரு வினாவை முழுதாக நடத்திப் பார்ப்போம். நாடு மந்த இடைவெளியில் இருக்கிறது. அரசு கடன் வாங்கிச் செலவைக் கூட்டுகிறது. முதலில் செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் வெட்டுப்புள்ளியை வைத்து, உற்பத்தியையும் விலைமட்டத்தையும் புள்ளிக்கோட்டால் அச்சில் குறியுங்கள். மாற்றம் விலைமட்டத்தில் தொடங்கவில்லை, தொடுவது செலவை, ஆகவே தேவை வலப்பக்கம், உற்பத்தியும் விலையும் ஏறுகின்றன. அடுத்து கடன் நிதிச் சந்தை. அரசு புதிதாகக் கடன் கேட்பதால் நிதிக்கான தேவை வலப்பக்கம், உண்மை வட்டி ஏறுகிறது. ஏறிய வட்டியில் சில நிறுவனங்கள் இயந்திரம் வாங்கும் திட்டத்தைக் கைவிடுகின்றன. தனியார் முதலீடு இப்படி வெளியேற்றப்படுவதால் தேவையின் வலப்பக்க நகர்வு எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகிறது. முதலீடு குறைந்ததால் மூலதன இருப்பின் வளர்ச்சி மெதுவாகி, பல ஆண்டுகளில் நீண்ட கால அளிப்புக் கோடு வலப்பக்கம் போகும் வேகமும் குறைகிறது. அரசு வாங்கிய கடன் சாலைக்கும் கல்விக்கும் போயிருந்தால் அந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகலாம். அதை எழுதுகிறவர் எந்தக் கோடு என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்.